கூட வந்தவர்

பதிவு கவுண்டரில் இருந்த பெண் ஆனந்தத்திடம் இரண்டு அட்டைகளை நீட்டினாள். மஞ்சள் அட்டையில் ‘நோயாளி’ என்றும், நீல அட்டையில் ‘உடன் வந்தவர்’ என்றும் அச்சிட்டிருந்தது.

“நான் தனியாத்தான்மா வந்திருக்கேன்” என்று ஆனந்தம் நீல அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்தப் பெண் தலையைத் தூக்கி, ஆனந்தத்தின் இடது தோளுக்குப் பின்னால் ஒரு கணம் பார்த்தாள். “இருக்கட்டும் மேடம், வெச்சுக்கங்க. அது இல்லாம உள்ள விட மாட்டாங்க” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள். ஆனந்தம் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக் கதவு இருந்தது, கதவுக்கு வெளியே கார்த்திகை மழை இருந்தது. அந்தப் பக்கம் வேறு யாரும் இல்லை. வலப்பக்கம் வரிசையில் நின்ற குடும்பத்தோடு தன்னையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, இரண்டு அட்டைகளையும் கைப்பையில் போட்டாள்.

தஞ்சாவூரில் அந்த நரம்பு மருத்துவமனைக்கு மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் சென்னையிலிருந்து ஒரு டாக்டர் வருவார். லட்சத்தில் ஒருவருக்கு வருகிற வியாதிகளைப் பார்ப்பவர். மன்னார்குடி கண் டாக்டர்தான் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். கண்ணில் கோளாறு இல்லை, இமையைத் தூக்குகிற தசையில்தான் ஏதோ, அங்கே போய்ப் பாருங்கள் என்றிருந்தார்.

ஆனந்தத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. நீடாமங்கலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். புருஷன் ரகுராமன் போய் எட்டு வருஷம் ஆகிறது. ஒரு வருஷமாக அவள் இமைகள் இறங்கிக்கொண்டே வந்தன. முதலில் சாயங்காலத்தில் மட்டும், அப்புறம் மத்தியானத்திலிருந்து, இப்போது காலைப் பிரேயரிலேயே. வகுப்பின் கடைசி பெஞ்சைப் பார்க்க வேண்டுமென்றால் முகவாயைத் தூக்கி அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். டீச்சருக்குத் திமிர் ஏறிவிட்டது என்று பிள்ளைகள் பேசிக்கொண்டன. பேசட்டும். திமிர் ஒன்றும் பெற்ற பெண்ணுக்குத் தொற்றாது.

தொண்டைதான் பயமுறுத்தியது. மூன்று மாதமாகச் சோறு ஒரே விழுங்கில் இறங்குவதில்லை. பாதியில் நிற்கும். எச்சிலைக் கூட்டி மறுபடி விழுங்க வேண்டும், மறுபடியும். அந்தச் சத்தம் அடுத்தவர் காதில் விழுந்துவிடக் கூடாதென்று ஆசிரியர் அறையில் சாப்பிடுவதையே விட்டுவிட்டாள். பள்ளி மைதானத்தின் கோடியில், வேலிக்கு அந்தப் பக்கம் சம்பா வயல் பச்சைப் பசேலென்று நிற்க, பாத்திரத்தில் கொண்டுவந்த மோரைத் தனியாக நின்று குடித்துவிட்டு வருவாள்.

இந்த வியாதி என்னவென்று அவளுக்குத் தெரியும். அதன் பெயர்தான் தெரியாது.

தையில் அவள் மகள் மாளவிகாவுக்குக் கல்யாணம். நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை நவநீத்தின் அம்மா இவளை உற்றுப் பார்த்து, “உங்களுக்குக் கண்ணுல ஏதாவது பிரச்சனையா? பரம்பரையா வர்றது ஒண்ணும் இல்லையே?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அப்புறம் போனில் இன்னும் நயமாக, “ஒரு டாக்டர்கிட்ட காமிச்சு ஒரு வார்த்தை எழுதி வாங்கிடுங்களேன், எங்க வீட்டுல பெரியவங்க கேக்கறாங்க” என்றாள். அந்தக் காகிதத்துக்காகத்தான் ஆனந்தம் வந்திருந்தாள், வைத்தியத்துக்கு இல்லை. சென்னையில் வேலையில் இருக்கிற மாளவிகாவிடம், பத்திரிகை அச்சடிக்கக் கொடுக்கத் தஞ்சாவூர் போகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

காத்திருக்கும் கூடம் நிரம்பி வழிந்தது. சீர்காழியிலிருந்து வந்த ஒருவர் மனைவியின் மடியில் கையை நடுங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பையனை அவன் அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு பக்கம் தாங்கியிருந்தார்கள். எல்லாருக்கும் பக்கத்தில் யாராவது இருந்தார்கள், பிளாஸ்க் திறக்க, செருப்பைப் பார்த்துக்கொள்ள, டோக்கன் எண்ணைக் காது கொடுத்துக் கேட்க. ஆனந்தம் சுவரோரமாக ஒரு இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்கு இடது பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. இத்தனை கூட்டத்திலும் காலியாகவே இருந்தது. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, எதிர்ச் சுவரில் போய்ச் சாய்ந்து நின்றார்கள்.

மூன்று மணி வாக்கில் ஒரு பெண் தன் தாயாரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். வழி குறுகல். அவள் நின்று, ஆனந்தத்துக்கு இடப்பக்கம் குனிந்து, “ஐயா, காலைக் கொஞ்சம் மடக்கிக்குங்க” என்றாள். ஒரு கணம் பொறுத்தாள். பிறகு தலையை ஆட்டிவிட்டுச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போனாள்.

ஆனந்தம் எதிரே இருந்த தண்ணீர்க் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் வாடை வந்தது. ஊறிய நெல் வேகிற வாடை. அரிசி ஆலையில் புழுங்கலுக்கு நெல்லை ஆவியில் வைக்கும்போது எழுமே, கொஞ்சம் புளித்து, கொஞ்சம் இனித்து, துணியில் ஒட்டினால் இரண்டு சலவைக்கும் போகாத வாடை. கூடத்தில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது, ஜன்னல்கள் மூடியிருந்தன, அந்தச் சாலையில் அரிசி ஆலை எதுவும் கிடையாது. அவள் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். துணிக்குள்ளும் அதே வாடை இருந்தது.

அவள் அண்ணன் பஞ்சநதம் நீடாமங்கலத்தில் அரிசி ஆலையில் நெல் அவிக்கிற இடத்தில் மேஸ்திரியாக இருந்தவர்.

டோக்கன் எண் கூப்பிட்டார்கள். பரிசோதனை அறையில் ஷஹ்பாஸ் என்ற இளைஞன் இருந்தான். நெற்றியை அசைக்காமல் மேலே பார்க்கச் சொல்லிப் படம் எடுத்தான். இமைகள் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை, கீழே வந்தன. அவன் அதை எழுதிக்கொண்டு, சில்லென்ற தண்ணீரை அளந்து ஒரு கப்பில் ஊற்றினான்.

“எண்பது மில்லிதான் மேடம். நான் சொன்னதும் நிறுத்தாம குடிச்சு முடிக்கணும். நல்லா இருக்கறவங்க ஏழு செகண்டுல முடிச்சிருவாங்க.”

அவன் போனில் நேரத்தை ஓடவிட்டான். ஆனந்தம் குடித்தாள். முதல் வாய் நின்றது. விழுங்கினாள். நின்றது. மூக்குக்கு ஏறப் பார்த்ததை அடக்கி, கண்ணில் நீர் வர மறுபடி விழுங்கினாள். அந்த இடைவெளியில், அவள் தொண்டை சும்மா இருந்த அந்த ஒரு நொடியில், இடது காதுக்குப் பக்கத்தில் ஒரு விழுங்கல் கேட்டது. ஈரமான, முடியாத விழுங்கல். ஒன்று. இன்னொன்று. மூன்றாவது.

“பத்தொன்பது” என்றான் ஷஹ்பாஸ். “பயப்படாதீங்க. எக்ஸ்ரேல தெளிவாத் தெரிஞ்சிடும். அதுக்கு முன்னாடி தஹ்மீனா மேடம் குடும்ப விவரம் கேப்பாங்க.”

தஹ்மீனாவுக்கு முப்பது வயது இருக்கும். பரம்பரை நோய்களுக்கான ஆலோசகர். சின்ன அறை, மேஜை, இரண்டு நாற்காலி. ஆனந்தம் உட்கார்ந்ததும் அவள் எழுந்து மூலையிலிருந்து மூன்றாவது நாற்காலி ஒன்றை இழுத்து, ஆனந்தத்தின் இடது பக்கம் போட்டாள். “உக்காருங்க” என்றாள் பொதுவாக. நாற்காலியின் பிளாஸ்டிக் கால் தரையில் லேசாகக் கிறீச்சிட்டது.

ஆனந்தம் திரும்பவில்லை. கழுத்து திரும்ப மாட்டேன் என்றது.

“இந்த மாதிரி இமை இறங்கி, முழுங்கவும் கஷ்டமா இருந்தா, ஒரு அபூர்வமான தசை நோய் இருக்கு. நாப்பது, அம்பது வயசுக்கு மேலதான் தலைகாட்டும். அம்மா அப்பா ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இருந்தா, பிள்ளைங்களுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு” என்றாள் தஹ்மீனா. “குடும்பத்துல யாருக்காவது இருந்திருந்தா, இல்ல எக்ஸ்ரேல தெரிஞ்சா, ரத்தம் எடுத்து மரபணு டெஸ்டுக்கு அனுப்புவோம். ரெண்டும் இல்லன்னா தேவையில்ல. அதனால நீங்க சொல்றதுதான் மேடம் முக்கியம். உங்க அப்பா?”

“அப்பா பேரு நாணு. வயசாகிப் போயிட்டார்.”

ஐம்பத்தாறு வயதில், தட்டு நிறையச் சோற்றை எதிரே வைத்துக்கொண்டு, எலும்பும் தோலுமாகிப் போனவர். முப்போகம் விளைந்த ஊரில் பட்டினியாகச் செத்தவர். தஹ்மீனா குடும்ப வரைபடத்தில் அப்பாவுக்கு ஒரு சதுரம் போட்டு, அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.

“கூடப் பிறந்தவங்க?”

“ஒரு அண்ணன். என்னைவிடப் பதினாறு வயசு மூத்தவர். அவரும் போயிட்டார்.”

“எப்படி?”

“குடி” என்றாள் ஆனந்தம்.

இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி வழுவழுப்பான வார்த்தை, தடங்கலில்லாமல் வந்தது. அதை முதலில் சொன்னது அவள் அம்மா. ஆனந்தத்துக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த வருஷம் பஞ்சநதத்துக்கு இமை இறங்க ஆரம்பித்தது. அப்பாவுக்கு வந்தது மகனுக்கும் வந்திருக்கிறது என்று தெரிந்தால் எவன் பெண் எடுப்பான்? குடிகாரன் தங்கைக்கு மாப்பிள்ளை கிடைப்பான், வியாதிக்காரன் தங்கைக்குக் கிடைக்க மாட்டான். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள், இது ஒரே பொய்தானே என்றாள் அம்மா. பஞ்சநதம் ஒரு சொட்டுச் சாராயம் தொட்டதில்லை. ஆனால் தினமும் ஆலை விட்டு வரும்போது ஒயின் ஷாப் வாசலில் அரைமணி நேரம் போய் நின்றுவிட்டு வந்தார். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று. இறங்கிய இமையோடு, அண்ணாந்த தலையோடு, ஊரே அவரைப் பார்த்தது. ஆனந்தத்துக்குக் கல்யாணம் ஆயிற்று.

தஹ்மீனாவின் பேனா நின்றிருந்தது. அவள் பார்வை ஆனந்தத்தைத் தாண்டி இடது பக்கம் போய்த் திரும்பியது.

“குடிதானா மேடம்? கண்ணு இறங்கறது, சாப்பாடு இறங்காதது, அப்படி எதுவும் இல்லையே?”

“இல்ல. குடிதான்.”

“சரி” என்று தஹ்மீனா குனிந்து எழுதினாள். “அவரும் ஆமான்னுதான் தலையாட்டறார்.”

ஆனந்தம் கைப்பையை மடியோடு இழுத்துக்கொண்டாள். “யாரு?”

“உங்க கூட...” என்று தஹ்மீனா நிமிர்ந்தபோது மின்சாரம் போயிற்று. இருட்டில் நெல் அவிகிற வாடை அறை முழுக்க நின்றது. சூடாக. கன்னத்தில் படுகிற மாதிரி. எங்கோ கீழே ஜெனரேட்டர் இருமி உறுமி, விளக்கு வந்தது.

“வெளிய போயிட்டார் போல” என்றாள் தஹ்மீனா.

மூன்றாவது நாற்காலி மேஜையை விட்டுக் கொஞ்சம் பின்னால் தள்ளியிருந்தது.

எக்ஸ்ரே அறைக்குள் வேறு யாரும் வரக் கூடாது. கனமான கதவை ஷஹ்பாஸே இழுத்துச் சாத்தினான். அந்தச் சத்தம் ஆனந்தத்துக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அவளை ஒரு பலகைக்கு முன்னால் பக்கவாட்டில் உட்கார வைத்து, கையில் ஒரு வெள்ளைக் கூழைக் கொடுத்தான். சுண்ணாம்பும் சர்க்கரையும் கலந்த ருசி. அவன் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். அறை இருண்டது. எதிரே திரையில் அவளுடைய தாடை எலும்பும், பற்களும், கழுத்தெலும்புகளும் சாம்பல் நிறத்தில் தெரிந்தன.

“முழுங்குங்க” என்றது ஒலிபெருக்கி.

விழுங்கினாள். வெள்ளை இறங்கி, நாக்கின் அடியில் வந்து தேங்கியது. நின்றது.

அவளுக்குத் தெரியும் அது நிற்குமென்று. இப்போது டாக்டரும் பார்ப்பார். ரத்தம் எடுப்பார்கள். பெயர் எழுதுவார்கள். மாளவிகாவையும் வரச் சொல்வார்கள். காகிதம் கிடைக்காது. கல்யாணம் நிற்கும். அவள் கண்ணை மூடி மறுபடி விழுங்கினாள். நகரவில்லை.

அப்போது கழுத்தில் ஒரு தொடுகை பட்டது.

சில்லென்று இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது. ஈரமாக, வெந்த நெல்லில் கைவிட்டு எடுத்த விரல்களாக.

அவள் கண்ணைத் திறந்தாள். திரையில் அவள் தாடைக்குக் கீழே நான்கு விரல் எலும்புகள் தெரிந்தன. நீளமான எலும்புகள். கணுக்கள் தெளிவாக. அவை அவள் தொண்டை மேல் பதிந்திருந்தன. மெதுவாகக் கீழே இறங்கின. தடவிவிட்டன. அவற்றோடு சேர்ந்து அந்த வெள்ளையும் இறங்கியது. சுத்தமாக. ஒரு துளி மிச்சமில்லாமல்.

“நல்லா இருக்கே! இன்னொரு தடவை” என்றது ஒலிபெருக்கி.

அவளால் கத்த முடியவில்லை. வாயில் கூழ் இருந்தது. விழுங்கினாள். விரல்கள் மேலே வந்தன. கீழே இறங்கின. மேலே. கீழே.

கடைசி வருஷத்தில் பஞ்சநதம் ஒவ்வொரு கவளத்துக்கும் அப்படித் தடவிவிடச் சொல்வார். அம்மா இருந்தவரை அம்மா செய்தாள். அம்மாவும் போன பிறகு, ஒரு பொங்கலுக்கு ஆனந்தம் மாமியாரோடு பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். வாயில் தயிர்சாதத்தோடு அண்ணாந்து, அவள் கையைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்து, “தடவி விடும்மா, ஆனந்தம்” என்றார் அண்ணன். மாமியார் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனந்தம் கையை உருவிக்கொண்டு, “போதை இறங்கினா எல்லாம் தானா இறங்கும்” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். ஒரு மாதம் கழித்துப் புருஷன் ஊருக்குத் தந்தி வந்தது. தனியாகக் கிடந்தாராம். வாயில் சோறு இருந்ததாம்.

அதற்குத்தான் வந்திருக்கிறார் என்று அவள் நினைத்தாள். இப்போது இறுக்குவார். இப்போது. ஆனால் விரல்கள் இறுக்கவில்லை. ஒலிபெருக்கி விழுங்கச் சொன்ன ஐந்து முறையும் தடவி, ஐந்து முறையும் இறக்கிவிட்டன.

விளக்கு வந்தபோது அவள் கழுத்தில் எதுவும் இல்லை. ஷஹ்பாஸ் சிரித்தபடி வந்தான். “முழுங்கறதுல பிரச்சனையே இல்ல மேடம். தண்ணி டெஸ்ட் பதட்டத்துல அப்படி ஆகியிருக்கும்” என்றான். அவன் பார்த்த திரையில் விரல்கள் இருந்தனவா என்று அவள் கேட்கவில்லை.

டாக்டர் ஐந்து நிமிஷம்தான் பேசினார். குடும்பத்தில் யாருக்கும் இல்லை, விழுங்குவதும் சரியாக இருக்கிறது, வயதினால் இமைத் தசை தளர்ந்திருக்கலாம், ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம். பரம்பரை நோய்க்கான அறிகுறி இல்லை என்று தன் பெயர் அச்சிட்ட தாளில் எழுதிக் கொடுத்தார். தஹ்மீனா இன்னொரு தாளை நீட்டினாள். குடும்ப விவரங்கள் தனக்குத் தெரிந்தவரை உண்மை என்று நோயாளி கையெழுத்துப் போட வேண்டிய தாள்.

“இன்னொரு தடவை கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க மேடம்” என்றாள் தஹ்மீனா. “உங்களுக்காக இல்ல. உங்களுக்கு ஒரு பொண்ணு இருக்கில்ல. முன்னாடியே தெரிஞ்சா நாங்க பாத்துக்கலாம், மூச்சுக்குழாய்ல சாப்பாடு போகாம காப்பாத்தலாம். தெரியாமப் போனாத்தான் ஆபத்து. உங்க அண்ணன் உண்மையிலேயே குடிச்சுத்தான் போனாரா?”

ஆனந்தத்துக்கு அழுகை வந்தது. சொல்லிவிடலாம் என்று ஆசையாக இருந்தது. இந்த ஊரில், இந்த உலகத்தில், அண்ணன் குடிக்கவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான். தையில் கல்யாணம். பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டும். கல்யாணம் முடியட்டும், மாசியில் நானே வந்து சொல்கிறேன் என்று மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டாள்.

“குடிதான்மா” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

தஹ்மீனா தாளை வாங்கிக் கோப்பில் வைத்தாள். “உங்க கூட வந்தவர் முன்னாடியே கிளம்பிட்டார் மேடம். நீங்க கையெழுத்துப் போடும்போதே எழுந்து போனார். ஏதோ அவசரம் போல.”

வெளியே மழை விட்டிருந்தது. ஆறு மணிக்கே நன்றாக இருட்டிவிட்டது. ஆனந்தம் வாசல் கூரையின் கீழே நின்று மூச்சை இழுத்தாள். ஈர மண் வாடை, டீசல் வாடை. நெல் வாடை இல்லை. காதருகில் எந்தச் சத்தமும் இல்லை. பெரிய பாரம் இறங்கியது போலவும், அதே நேரம் இத்தனை வருஷத்தில் இல்லாத அளவுக்குத் தன்னந்தனியாக நிற்பது போலவும் இருந்தது. நாக்கில் ஒட்டியிருந்த கூழின் மிச்சத்தை விழுங்கப் பார்த்தாள். நின்றது. மறுபடி விழுங்கினாள். நின்றது.

போன் அடித்தது. வீடியோ அழைப்பு, மாளவிகா.

திரையில் பெண்ணின் முகம் பளிச்சென்று வந்தது. கண்கள் அகலமாக, அழகாக, இமைகள் சரியாக. விடுதி அறையில் கட்டிலில் சம்மணம் போட்டு, மடியில் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள்.

“என்னம்மா, பத்திரிகை குடுத்தாச்சா? சாம்பிள் அனுப்பறேன்னியே. நான் இப்பத்தான் சாப்பிட உக்காந்தேன். ஒரு வாரமா என்னமோ சாப்பிடவே பிடிக்கல, இன்னிக்குத்தான் நல்லாப் பசிக்குது” என்று பேசிக்கொண்டே ஒரு கரண்டி தயிர்சாதத்தை வாயில் வைத்தாள்.

மென்றாள். முகவாய் கொஞ்சம் மேலே எழும்பியது.

அவளுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. அவள் வலது கையில் கரண்டி. இடது கையில் டப்பா. வேறு கை இல்லை. ஆனால் அவள் கழுத்தின் மேல், தாடைக்குச் சற்றுக் கீழே, தோல் நான்கு இடத்தில் உள்ளே அமுங்கியது. பக்கத்தில் பக்கத்தில், நான்கு பள்ளங்கள். அவை மெதுவாகக் கீழே இறங்கின. மாளவிகா விழுங்கினாள்.

“ஏம்மா இப்படிப் பாக்கறே?” என்று சிரித்தாள்.

ஆனந்தம் சொல்ல வாயைத் திறந்தாள். எச்சில் தொண்டையில் அடைத்துக்கொண்டு நின்றது. குரல் வரவில்லை. விழுங்கினாள். விழுங்கினாள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே தஹ்மீனா விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தாள்.

திரையில் மாளவிகா அடுத்த கரண்டியை எடுத்தாள். நான்கு பள்ளங்களும் அவள் கழுத்தின் மேற்புறத்துக்கு ஏறி, அங்கே பொறுமையாகக் காத்திருந்தன.